சிட்டி கோல்ஃப் ரேஸ் காருக்கு கேம்ஷாஃப்ட் தேர்வும் இசியூ அமைப்பும்: முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருவில் சனிக்கிழமை காலையில் இரண்டு மூன்று வீடுகளிலாவது பானெட் திறந்திருக்கும். அதில் ஒன்று கட்டாயம் சிட்டி கோல்ஃபாக இருக்கும். 1984 முதல் 2009 வரை ஃபோக்ஸ்வேகனின் யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் தயாரான கார் இது. எடை குறைவு, பாகங்கள் எங்கும் கிடைக்கும், எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே இறக்கி ஏற்றலாம். கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு ரேஸ் கார் கட்ட நினைக்கும் டர்பன் பையன்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த கேம் போடலாம்?" என்பதுதான்.

"எந்த இசியூ வைத்திருக்கிறாய் தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கேம்ஷாஃப்டையும் எஞ்சின் எலக்ட்ரானிக்ஸையும் இரண்டு தனித் தனிச் செலவாகப் பார்ப்பதால்தான் நிறைய எஞ்சின்கள் வீணாகின்றன. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். அது மாறினால் எஞ்சின் மூச்சு விடும் முறையே மாறுகிறது. அந்த மூச்சை அளந்து பெட்ரோல் கொடுப்பது எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியூ. உங்கள் இசியூவால் அளக்க முடியாத கேமை வாங்கினால் அது எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 1.8 லிட்டர், எட்டு வால்வு, ஒரே கேம் உள்ள கோல்ஃப் எஞ்சினுக்கானவை. முறை மற்ற எஞ்சின்களுக்கும் பொருந்தும்.

படி 1: கார் எந்த ஆர்பிஎம்மில் ஓடப்போகிறது?

முதலில் நீங்கள் ஓடப்போகும் வகுப்பின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். சில வகுப்புகளில் காரோடு வந்த கம்பெனி கேம் மட்டுமே அனுமதி. சிலவற்றில் லிஃப்ட்டுக்கு, அதாவது வால்வு எவ்வளவு உயரத் திறக்கிறது என்பதற்கு, வரம்பு உண்டு. இதைப் பார்க்காமல் வாங்கிய கேமைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தெருவில் இரவு ரேஸ் ஓடுபவர்களுக்காக இதை எழுதவில்லை. நம் ஊரில் அதனால் போன உயிர்கள் போதும். போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி ரேஸ்வே இருக்கிறது, அங்கே ஓட்டுங்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ். கியர் மாற்றும்போது ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, எங்கே வந்து விழுகிறது என்பதுதான் கேமை முடிவு செய்யும். நெருக்கமான கியர்பாக்ஸில் இரண்டாவது கியரின் விகிதம் 2.12, மூன்றாவது 1.44, நான்காவது 1.13 என்று வைத்துக்கொள்வோம். 7000 ஆர்பிஎம்மில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் 7000 × 1.44 ÷ 2.12, அதாவது சுமார் 4750-ல் விழும். மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினால் சுமார் 5500. ஆக உங்கள் எஞ்சின் 4700-க்கும் 7000-க்கும் நடுவில் இழுத்தால் போதும். 5500-க்குக் கீழே உயிரில்லாத ஒரு கேமைப் போட்டால், மூன்றாவது கியருக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரத்தை இழப்பீர்கள்.

மேல் எல்லை ஏன் 7000? இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 86.4 மில்லிமீட்டர். 7000-ல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டுகிறது. கம்பெனி பிஸ்டன், கம்பெனி கனெக்டிங் ராட் போல்ட்டோடு அதற்கு மேலே போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருந்து, ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பெட்டும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் தடுமாறத் தொடங்கும்.

படி 2: கேம் அட்டையைப் படிப்பது

கேமோடு வரும் அட்டையில் நான்கு எண்களைப் பாருங்கள்: டியூரேஷன், லிஃப்ட், லோப் இடைக்கோணம், இன்டேக் மையக் கோணம். லோப் என்பது கேமில் வால்வைத் தள்ளும் மேடு. இன்டேக் லோப்பின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப்பின் உச்சிக்கும் நடுவில் உள்ளது இடைக்கோணம். பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி எத்தனை டிகிரியில் இன்டேக் வால்வு முழுதாகத் திறக்கிறது என்பது மையக் கோணம்.

டியூரேஷன் என்பது கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும் வரை வால்வு திறந்திருக்கிறது என்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தயாரிப்பாளர் வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளப்பார், இன்னொருவர் 1 மில்லிமீட்டர் லிஃப்ட்டிலிருந்து அளப்பார், அமெரிக்கக் கேம்களில் 1.27 மில்லிமீட்டரிலிருந்து அளப்பார்கள். ஆகவே 276 என்று எழுதிய இரண்டு கேம்கள் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1 மில்லிமீட்டர் அளவைக் கேட்டு வாங்கி, அதை வைத்து ஒப்பிடுங்கள்.

லிஃப்ட்டுக்கு ஒரு எளிய கணக்கு. வால்வின் விட்டத்தில் கால் பங்கு உயர்ந்ததும், வால்வைச் சுற்றியுள்ள இடைவெளி வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். 40 மில்லிமீட்டர் இன்டேக் வால்வுக்கு அது 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் தடுப்பது ஹெட்டுக்குள் உள்ள காற்று வழியான போர்ட்தான். ஹெட்டில் வேலை செய்யாமல் 12 மில்லிமீட்டர் லிஃப்ட் வாங்கினால் ஸ்பிரிங்கும் டேப்பெட்டும்தான் கூடுதலாகத் தேயும்.

இசியூவைப் பொறுத்தவரை முக்கியமானது ஓவர்லாப், அதாவது இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன்களைக் கூட்டி, நான்கால் வகுத்து, லோப் இடைக்கோணத்தைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். 260 டிகிரி கேம், இடைக்கோணம் 112 என்றால் ஓவர்லாப் 36 டிகிரி. 276-க்கு 110 என்றால் 56. 288-க்கு 108 என்றால் 72. இந்த ஓவர்லாப்தான் ஐட்லிங்கில் எரிந்த புகையை இன்டேக் பக்கம் தள்ளி, வேக்யூமைக் கெடுத்து, சென்சாரைக் குழப்புகிறது. ஒரே கேமில் இரண்டு லோப்களும் இருப்பதால் இந்த எஞ்சினில் இதைப் பின்னால் மாற்ற முடியாது. டொயோட்டா 4ஏ-ஜிஇ போன்ற இரட்டைக் கேம் எஞ்சினில் வெர்னியர் புல்லி (கேமின் கோணத்தைச் சிறிது சிறிதாக நகர்த்த உதவும் புல்லி) போட்டு இரண்டையும் தனித்தனியாக நகர்த்தலாம். அந்த வசதி உங்களுக்கு இல்லை, அதனால் வாங்கும்போதே சரியாக வாங்க வேண்டும்.

ஓபல் கடெட் சூப்பர்பாஸைப் பற்றி நம் ஆட்கள் இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். ரேஸ் வகுப்புக்காகவே கட்டப்பட்ட அந்தக் காரில் ஷ்ரிக் கேம் போட்டு 125 கிலோவாட் எடுத்தார்கள். அங்கே கேம் மட்டும் தனியாக வரவில்லை, எஞ்சின் எலக்ட்ரானிக்ஸும் அதற்கேற்ப இருந்தது. நம் முற்றத்திலும் அப்படிச் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

படி 3: கம்ப்ரஷனோடு சேர்த்துப் பாருங்கள்

பெரிய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், உண்மையான அழுத்தம் குறைகிறது. 144 மில்லிமீட்டர் ராட், 10-க்கு 1 கம்ப்ரஷன், இன்டேக் மையம் 110 டிகிரி என்று வைத்து நான் போட்ட கணக்கு இது. 260 டிகிரி கேமில் நடைமுறைக் கம்ப்ரஷன் சுமார் 8.3. 276-ல் 7.8. 288-ல் 7.4 மட்டுமே. 276 கேமில் பழைய 8.3-ஐத் திரும்பப் பெற எஞ்சின் கம்ப்ரஷன் 10.6 அளவுக்கு வேண்டும், 288-க்கு 11.2-க்கு மேல். ஹெட்டைச் சீவவோ பிஸ்டன் மாற்றவோ பணம் இல்லையென்றால் சின்ன கேமே வேகமான கேம். இதை நம்ப மறுப்பவர்கள் நிறைய. ஆனால் சர்க்யூட்டில் வளைவிலிருந்து வெளியே வரும்போது 10-க்கு 1 கம்ப்ரஷனில் 288 போட்ட கார் பின்தங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 4: இசியூ எதைப் பார்த்துப் பெட்ரோல் கொடுக்கிறது?

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

கம்பெனி இன்ஜெக்ஷனில் காற்றை அளக்க ஒரு மடல் இருக்கும், அல்லது இன்டேக் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் இருக்கும். ஓவர்லாப் கூடினால் காற்று முன்னும் பின்னும் அலையடிக்கும். மடல் படபடக்கும். அழுத்தம் ஒரு இடத்தில் நிற்காது. கடற்கரையில் கம்பெனி கேமோடு ஐட்லிங்கில் 35 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும் அழுத்தம், 276 கேமில் 50 பக்கமும் 288-ல் 60-க்கு மேலும் போகலாம். கம்பெனி இசியூ அதைப் பார்த்து, டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார் என்று எண்ணிப் பெட்ரோலை ஊற்றும்.

என் தீர்ப்பு இதுதான். கம்பெனி இசியூவையே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 260-ஐ ஒட்டிய, இடைக்கோணம் 112 உள்ள கேமோடு நிறுத்துங்கள். தனி இசியூ, ஒரே த்ராட்டில் பாடி, மேப் சென்சார் என்றால் 270 முதல் 276 வரை நன்றாக மேப் செய்யலாம், அதாவது இசியூவின் பெட்ரோல், ஸ்பார்க் அட்டவணைகளை அமைக்கலாம். 288-ம் அதற்கு மேலும் வேண்டுமென்றால் நான்கு தனித் த்ராட்டில், ஆயிலை நம்பாத சாலிட் டேப்பெட், கம்ப்ரஷன் எல்லாம் சேர்ந்த பெரிய செலவு. பட்ஜெட் காருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது நடுவில் உள்ளதை. இரட்டை வெபர் கார்பரேட்டர் ஏற்கெனவே இருந்தால் அதை விற்க வேண்டாம். பெட்ரோலை வெபர் பார்த்துக்கொள்ளட்டும், இக்னிஷனை மட்டும் இசியூவுக்குக் கொடுங்கள். அதுவே பாதி வெற்றி.

தனி இசியூவுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. டிக்டேட்டர், கோடெக், ஸ்பிட்ரானிக்ஸ் எல்லாம் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவை. பழையதாக வாங்கினாலும் மென்பொருளும் வயரிங் படமும் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தனித் த்ராட்டில் போட்டவர்கள் மேப் சென்சாரை விட்டுவிட்டு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் வைத்துப் பெட்ரோல் கொடுப்பார்கள். இதை ஆல்ஃபா-என் என்பார்கள். அலையடிக்கும் அழுத்தத்தை மறந்துவிடலாம் என்பதால் பெரிய கேமுக்கு இது வசதிதான். ஆனால் நம் நாட்டில் இதில் ஒரு ஆபத்து உண்டு. அது என் மச்சானின் எஞ்சினைத் தின்றது.

அவன் காரை ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவரிடம் ட்யூன் செய்து கொண்டுவந்தான். அங்கே எஞ்சின் பலத்தை அளக்கும் டைனோவில் எல்லாம் அழகாக இருந்தது. டர்பனுக்கு இறக்கி, முதல் டிராக் நாளிலேயே மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவில்தான். டர்பனில் 101. அதே த்ராட்டில் திறப்பில் இங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் காற்று உள்ளே போகிறது. வெளிக் காற்றழுத்தத்தைப் பார்க்கும் திருத்தம் அந்த இசியூவில் இணைக்கப்படவே இல்லை. மேட்டில் 12.8 ஆக இருந்த காற்று-பெட்ரோல் விகிதம், கடற்கரையில் முழு த்ராட்டிலில் 15.5-ஐத் தாண்டியிருக்கும், அதாவது பெட்ரோல் மிகக் குறைவு. உருகாமல் என்ன செய்யும்?

ஆகவே ஆல்ஃபா-என் என்றால் வெளிக்காற்றைப் பார்க்க ஒரு மேப் சென்சார் கட்டாயம். இன்டேக்கில் மாட்டாமல் திறந்தபடி விடுங்கள், அது பாரோமீட்டராக வேலை செய்யும். மேட்டில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் கூடுதல் இக்னிஷன் அட்வான்ஸை, அதாவது ஸ்பார்க் இன்னும் முன்கூட்டியே வருவதை, தாங்கும், 93 ஆக்டேனே போதும். அதே எண்களோடு கீழே வந்தால் நாக்கிங் வரும், அதாவது கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும். இங்கே 95 போட்டு, கடற்கரைக்கென்று தனியாக அட்வான்ஸ் பாருங்கள்.

படி 5: பழைய கேமோடு இசியூவை முதலில் ஓட வையுங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதுக் கேம் போட்ட எஞ்சின் சாவி திருப்பியதும் உடனே பிடிக்க வேண்டும். ஸ்டார்ட்டரில் நீண்ட நேரம் சுற்றினால் லோப் மேல் தேய்மானத்தைத் தடுக்கப் பூசிய பேஸ்ட் வழிந்து, முதல் நாளிலேயே கேம் தேய்ந்துவிடும். புது இசியூவும் புதுக் கேமும் ஒரே நாளில் என்றால் நடப்பது அதுதான்.

கிராங்க் புல்லியில் 60-2 பல் சக்கரம் (60 பல் இடத்தில் இரண்டு இல்லாதது) போடுங்கள், அதை ஒரு சென்சார் படித்து இசியூவுக்குச் சொல்லும். டிஸ்ட்ரிப்யூட்டரில் உள்ள ஹால் சென்சாரை வைத்தும் தொடங்கலாம், ஆனால் அது பெல்ட், இடை ஷாஃப்ட், கியர் எல்லாவற்றின் தளர்ச்சியையும் சேர்த்துக்கொண்டு டைமிங்கை ஆட்டும். சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி 0.75 முதல் 1 மில்லிமீட்டர். வயர் கண்டிப்பாகக் கவசம் உள்ளதாக இருக்க வேண்டும், கவசத்தை இசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். பிளக் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டு இரண்டு பிளக்காக ஸ்பார்க் தரும் காயில் போட்டால் டிஸ்ட்ரிப்யூட்டரே தேவையில்லை.

எஞ்சின் ஓடியதும் மென்பொருளில் ஸ்பார்க் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். புல்லியிலும் 10 காட்ட வேண்டும். 5000 ஆர்பிஎம் வரை ஏற்றினாலும் குறி நகரக் கூடாது. நகர்ந்தால் சென்சாரின் இரண்டு வயர்கள் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சரிசெய்யாமல் மேப் செய்வது வீண் வேலை.

இன்ஜெக்டர் அளவு: 100 கிலோவாட், அதாவது சுமார் 134 குதிரைத்திறன் எதிர்பார்த்தால், நான்கு இன்ஜெக்டருக்கும் தலா நிமிடத்துக்கு 220 சிசி போதும். இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. 440 சிசி மலிவாகக் கிடைத்தது என்று மாட்டினால் ஐட்லிங்கில் திண்டாடுவீர்கள்.

மேப் சென்சாரின் குழாயை ஒரே ஒரு இன்டேக் வழியிலிருந்து எடுக்காதீர்கள். நான்கிலிருந்தும் மெல்லிய குழாய் எடுத்து, ஒரு சிறிய டப்பாவில் சேர்த்து, அங்கிருந்து சென்சாருக்குக் கொடுத்தால் அலை அடங்கும்.

படி 6: கேமை அளந்து பூட்டுவது

பழைய கேமின் மூடிகளில் 5, 1, 3-ஐ முதலில் எடுத்து, பிறகு 2-ஐயும் 4-ஐயும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அவசரப்பட்டால் கேம் வளையும், ஒடியவும் செய்யும். மாட்டும்போது 2, 4 முதலில். இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர். மூடிகளின் துளை நடுவில் இருக்காது, திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்பிரிங்கை முழு லிஃப்ட்டில் பாருங்கள். சுருள்கள் ஒன்றையொன்று தொட இன்னும் 1 மில்லிமீட்டராவது மீதி இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிட்டெய்னருக்கும் ஆயில் சீலுக்கும் நடுவிலும் அப்படியே. பழைய கேமைச் சாணை பிடித்து உருவாக்கிய கேம் என்றால் அடிவட்டம் சிறுத்திருக்கும். சாலிட் டேப்பெட்டில் தடித்த ஷிம் (தகடு) போட்டுச் சமாளிக்கலாம், ஹைட்ராலிக்கில் அது ஈடுகட்டும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு சாணை பிடித்தார்கள் என்று கேட்டே வாங்குங்கள்.

கிராங்கில் டிகிரி தட்டு மாட்டி, பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் தடுப்பு வைத்து உண்மையான மேல்முனையைக் கண்டுபிடியுங்கள். மேல்முனையில் பிஸ்டன் சில டிகிரி அசையாமல் நிற்பதால் கண்ணால் பார்த்தால் தவறும். பிறகு இன்டேக் டேப்பெட்டில் டயல் கேஜ் வைத்து, முழு லிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே உயரம் வரும் இரு கோணங்களின் நடுவைக் கணக்கிடுங்கள். அட்டையில் 110 என்றால் வெர்னியர் புல்லியால் 110-க்குக் கொண்டுவாருங்கள்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளிக்குப் பிஸ்டன் தலையில் களிமண் வைத்துச் சுற்றும் பழைய முறையே நல்லது. ஆனால் ஹைட்ராலிக் டேப்பெட் அமுங்கிவிடும், இல்லாத இடைவெளியை இருப்பதாகக் காட்டும். சோதனைக்கு மட்டும் சாலிட் டேப்பெட் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். இன்டேக்குக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 2 முதல் 2.5. அதற்குக் குறைந்தால் மேலே போகாதீர்கள், பிஸ்டனில் குழி வெட்டச் சொல்லுங்கள்.

படி 7: முதல் ஸ்டார்ட்

புது ஹைட்ராலிக் டேப்பெட் போட்டால் அரை மணி நேரம் எஞ்சினைச் சுற்றாமல் விடுங்கள், அவை தாமாக அமுங்க வேண்டும். இல்லையென்றால் திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் அடிக்கும். லோப் முழுதும் கேம் பேஸ்ட், துத்தநாகம் அதிகமுள்ள ஆயில், ரேடியேட்டரில் தண்ணீர், பக்கத்தில் தீயணைப்பான். எஞ்சின் பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் 2000-க்கும் 2500-க்கும் நடுவில் 20 நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நம் கடமை.

படி 8: மேப் செய்தல்

ஐட்லிங்கை 1100 முதல் 1300 வரை உயர்த்துங்கள். எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோலை மாற்றும் லாம்டா திருத்தத்தை அந்தப் பகுதியில் அணைத்துவிடுங்கள். காரணம் முக்கியமானது: ஓவர்லாப்பால் எரிந்த புகை கலந்த கலவை சில முறை சரியாக எரியாமலே எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது, சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று பொய் சொல்கிறது. அதை நம்பி இசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும், பிளக் கறுத்து எஞ்சின் அணையும். இங்கே மீட்டரைவிட எஞ்சின் சத்தத்தையும் வேக்யூமையும் நம்புங்கள். பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, அழுத்தம் மிகக் குறைவாக நிற்கும் இடத்தில் விடுங்கள். ஐட்லிங்கில் ஸ்பார்க் டைமிங்கை 12 முதல் 18 டிகிரிக்குள் தட்டையாக வைத்தால் ஆட்டம் குறையும்.

முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.8 முதல் 13.2 வரை. ஸ்பார்க் டைமிங்கை 26 டிகிரியில் தொடங்கி, டைனோவில் இரண்டு இரண்டாக ஏற்றுங்கள். டார்க் கூடுவது நின்றதும் நிறுத்தி, இரண்டு டிகிரி பின்வாங்குங்கள். பெட்ரோல் எல்லாம் சரியான பிறகு கேமை வெர்னியரில் 2 டிகிரி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். முன்னால் நகர்த்தினால் கீழ் ஆர்பிஎம் கூடும், பின்னால் என்றால் மேலே. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பெட்ரோல் அட்டவணையை மறுபடி பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

படி 9: டிராக்கில் முதல் நாள்

வேக்யூம் குறைந்த கேம் என்றால் பிரேக் பூஸ்டருக்கும் உதவி குறையும். வரிசையில் நிற்கும்போது பெடலை இரண்டு முறை மிதித்துப் பாருங்கள், இரண்டாவது முறை கல்லாக இருந்தால் அதற்குத் தகுந்தபடி பிரேக் புள்ளியை முன்னால் வையுங்கள். பூஸ்டர் குழாயின் ஒருவழி வால்வைப் புதிதாக மாற்றுவது சின்னச் செலவு.

முதல் ஐந்து சுற்று 6000-க்கு மேல் வேண்டாம். உள்ளே வந்து இசியூவின் பதிவைப் பாருங்கள்: ஆர்பிஎம் கோட்டில் திடீர்ப் பள்ளம் இருந்தால் கிராங்க் சென்சாரின் வயர், மூன்றாவது கியரில் லீன் ஆனால் பெட்ரோல் பம்ப். எஞ்சின் ஆறியதும் டைமிங் பெல்ட்டின் இழுவை, சாலிட் டேப்பெட் என்றால் இடைவெளி, ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளே இரும்புத் தூள். ஜோகன்னஸ்பர்க் பக்க மேட்டில் உள்ள க்யாலாமி டிராக்குக்கோ ஸ்வார்ட்காப்ஸ் டிராக்குக்கோ ஏறும் நாளில், சாவியைப் போட்டு எஞ்சினை ஓட்டாமல் பாரோமீட்டர் எண்ணைப் படியுங்கள். அது இன்னும் 101 என்று காட்டினால் காரை டிரெய்லரிலிருந்து இறக்காதீர்கள், முதலில் அந்த சென்சாரின் வயரைத் தேடுங்கள்.